ஒத்துக்கொண்ட உண்மைகள்

2018 பெப்ரவரி 6, செவ்வாய்

தீர்ப்பு வந்திட்டுது. பதினொரு பக்கம். பருப்பை அடுப்பில வைச்சுப்போட்டுக் குசினிக்குள்ள நிண்டபடியே வாசிச்சன். பருப்பு அடிப்பிடிச்சதுதான் மிச்சம்.

தோத்திட்டன். கெயார் ஹோம் என்னை வேலையால நிப்பாட்டினது நியாயமாம். சரி, போகட்டும். பன்ரண்டு வருசம் அங்க கிழடுகட்டையளைக் கழுவித் துடைச்சனான், அவங்கள் தாற மரியாதை எவ்வளவு எண்டு எனக்கு முதலே தெரியும். ஆனா ஏழாம் பக்கத்தில ஒரு வரி கிடக்குது. "மனுதாரர் அருளேஸ்வரி, திருமதி டொரத்தி பியர்ஸின் கன்னத்தில் அறைந்தார் என்பது எனது முடிவு."

கோதாரி விழ! அண்டைக்குக் காலமை சாப்பாட்டு அறையில நான், டொரத்தி, என்னோட வேலை செய்த ஜெயகௌரி, வேற ஒரு குருவி இல்லை. இந்த நீதிபதி எந்த மூலையில நிண்டு பாத்தவராம்?

அதுக்குக் காரணமும் கீழ போட்டிருக்கு. ஜெயகௌரி கண்ணால கண்டதாச் சாட்சி சொன்னவவாம். மனுதாரர் அவவிட்ட ஒரு கேள்வி கூடக் கேட்டு அதை மறுக்கவில்லையாம்.

எனக்குக் காசும் வேண்டாம், அந்த வேலையும் வேண்டாம். அந்த ஒரு வரி போகவேணும். இன்ரநெற்றில என்ர பேரைத் தட்டினால் உலகத்தில ஆரும் வாசிக்கலாமாம். அதை வைச்சுக்கொண்டு நான் எப்பிடிச் சனத்தின்ர முகத்தில முழிக்கிறது?

பெப்ரவரி 8, வியாழன்

மகள் நிரோஜாவுக்குத் தீர்ப்பைப் போனில படம் எடுத்து அனுப்பினன். பின்னேரம் எடுத்தவ. "பாவம் அம்மா நீங்கள்" எண்டா. பிறகு கொஞ்சம் இழுத்து இழுத்துச் சொன்னா, திங்கக்கிழமையில இருந்து இனியாவை நேர்சரியில விடப்போகினமாம். மற்றப் பிள்ளையளோட சேர்ந்தால்தான் கெதியாக் கதைக்குமாம்.

என்ர வேலை போன நாளில இருந்து பேத்தியைப் பாக்கிறது நான்தான். என்னோட அது மழலையில கதைக்காத கதையே? ஆனா நேர்சரியில பாட்டெல்லாம் படிப்பிப்பினம் எண்டதும் உண்மைதான். இந்தக் காலத்துப் பிள்ளையள் எல்லாம் புத்தகத்தில வாசிச்சுத்தான் செய்வினம். எனக்கும் முதுகு நோ, கொஞ்சம் ஓய்வாக் கிடக்கட்டும்.

பெப்ரவரி 11, ஞாயிறு

இவர் இண்டைக்கு முழுக்க அதே பல்லவி. "இஞ்சேர், ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே. கோர்ட்டில கதைச்சால் அது கதைச்ச கணக்கில்லைத்தானே."

லேசாச் சொல்லிப்போடுவார். ஜெயகௌரியை அந்த ஹோமுக்குக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனதே நான். ஊரால வந்த புதிசில அவளுக்கு ஒரு குளிர்ச் சட்டை கூட இல்லை, என்ரயைக் கழட்டிக் குடுத்தனான். அவள் எனக்கு எதிரா எழுதிக் குடுத்திருக்கிறாள் எண்டு மனேச்சரின்ர விசாரணைக்குப் போய் இருந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அந்தக் கடதாசியை முதலே என்ர கண்ணில காட்டேல்ல. அண்டையோட அவளோட கதை பேச்சு இல்லை. எதிர்ல வந்தால் நான் றோட்டைக் கடந்து மற்றப் பக்கத்தால போவன்.

எனக்கு லோயர் இல்லாதபடியால் கோர்ட்டில நானே கேள்வி கேக்கவேணும் எண்டினம். நீதிபதி பண்பாத்தான் கேட்டவர். "இந்தச் சாட்சியிடம் கேட்க ஏதும் இருக்கிறதா?" இல்லை எண்டன். திரும்பவும் கேட்டார். இல்லை எண்டு சொல்லிப்போட்டு யன்னலைப் பாத்துக்கொண்டிருந்தன். முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் எங்கட சனத்துக்கு விளங்கும், இவள் பொய்க்காரி, இவளோட எனக்கு என்ன கதை எண்டு. அதைவிடப் பெரிய மறுப்பு என்ன இருக்கு? இஞ்ச அது ஒத்துக்கொண்ட மாதிரியாம்.

நடந்தது இவ்வளவுதான். டொரத்திக்கு டிமென்சியா, ஞாபகம் இல்லாமல் போற வருத்தம். சாப்பாட்டு வண்டிலின்ர சுடுதட்டில கையை வைக்கப் போனா. நான் எட்டிக் கையைப் பிடிச்சு இழுத்தன். மற்றக் கையால தன்ர பிளேட்டைத் தட்டி விட்டா, படார் எண்டு கேட்டுது, மனிசி பயந்து கன்னத்தில கையை வைச்சுக்கொண்டு அழத் துவங்கிட்டா. அவ்வளவும்தான். எத்தினை தரம் எழுதினாலும் இதைத்தான் எழுதுவன்.

பெப்ரவரி 27, செவ்வாய்

இலவசமா ஆலோசனை சொல்லுற நிலையத்துக்குப் போனன். வரிசையில நிண்டு கால் விறைச்சுப் போச்சு. அங்க இருந்த வெள்ளைக்கார மனிசி நல்லவ, ஆறுதலா விளங்கப்படுத்தினவ.

வேலை வழக்குகளுக்கு மட்டும் எண்டு லண்டன் நடுவில ஒரு தனி அப்பீல் கோர்ட் இருக்குதாம். ஆனா அங்க வழக்கைத் திருப்பி விசாரிக்கிறேல்லையாம். ஆர் பொய் சொன்னது, ஆர் மெய் சொன்னது எண்டு அவை தொடமாட்டினமாம். அது கீழ்க்கோர்ட் நீதிபதியின்ர வேலை, அவர் சாட்சியை நேரில பாத்தவர் எண்டு விட்டிடுவினமாம். அவர் சட்டத்தைப் பிழையாப் பிடிச்சவரோ எண்டது மட்டும்தான் அவைக்கு வேணும்.

இதை வந்து இவருக்குச் சொல்ல, கிறிக்கெற் பாத்துக்கொண்டிருந்த மனிசன் சொல்லுது, "அப்ப அம்பயர் விதிப்புத்தகத்தைச் சரியா வாசிச்சவனோ எண்டு பாப்பினம். பந்து துடுப்பில பட்டதோ எண்டு பாக்கமாட்டினம்." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ரீவியை நிப்பாட்டிப்போட்டன்.

ஒரு சின்ன வழி இருக்குதாம். எந்த நீதிபதியும் புத்தியோட இருந்தால் இப்பிடி முடிவெடுத்திருக்க ஏலாது எண்டு காட்டவேணுமாம். அதை முதலாவது காரணமாப் போடச் சொன்னன். அந்த மனிசி தானா இன்னொண்டையும் ரெண்டாவதாச் சேர்த்தா. ஜெயகௌரியின்ர கடதாசியை முதலே எனக்குக் காட்டாமல் விசாரிச்சது சரியோ எண்டு நான் போட்ட வழக்கிலயே எழுதிக் கேட்டிருக்கிறனாம், அதைப் பற்றித் தீர்ப்பில ஒரு சொல்லும் இல்லையாம். கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாமல் விடுறது சட்டப் பிழையாம். அதால எனக்கு என்ன, போட்டால் போடட்டும்.

மார்ச் 16, வெள்ளி

அப்பீலைக் கையோட கொண்டுபோய்க் குடுத்திட்டன். தீர்ப்பு, நான் போட்ட வழக்கு, அவங்கள் குடுத்த பதில், எல்லாம் சேர்த்துப் போகவேணும். ஒரு தாள் குறைஞ்சாலும் அப்பீல் வரவே இல்லை எண்டுதான் எடுப்பினமாம். தபாலை நம்ப எனக்கு என்ன விசரே? மரக்கறிக் கடைப் பையுக்குள்ள எல்லாத்தையும் வைச்சு நெஞ்சோட அணைச்சுக்கொண்டு ரெயினில போனன். வாங்கின பொடியன் ஒவ்வொரு தாளாப் புரட்டிப் பாத்து முத்திரை குத்தினவன்.

வரேக்க நிரோஜாவின்ர வீட்டுப் பக்கமா இறங்கினன். இனியா நித்திரையாம். எழும்பும் வரைக்கும் இருக்கிறன் எண்டன். எழும்பினால் உடனே குளிக்க வார்க்கவேணும், நேரம் போகும் எண்டா. வந்திட்டன்.

ஜூன் 12, செவ்வாய்

அப்பீல் கோர்ட்டில இருந்து கடிதம். ஒரு நீதிபதி தன்ர அறைக்குள்ள இருந்து பேப்பரை மட்டும் வாசிச்சுப்போட்டு, இதில விசாரிக்கிற அளவுக்கு ஒரு சட்டப் பிழையும் இல்லை எண்டு எழுதியிருக்கிறார். முதல்ல இப்பிடித்தான் சல்லடையில போட்டு அரிப்பினமாம். அரிசி மேல நிக்கும், மற்றது கீழ போகும். நான் கீழ.

ஆனா விருப்பம் எண்டால் நேரில வந்து ஒரு மணித்தியாலம் சொல்லலாமாம். விருப்பமோ! இண்டைக்கே எழுதிப் போட்டிட்டன்.

ஜூன் 30, சனி

வந்து உடுப்பும் மாத்தாமல் இருந்து எழுதுறன்.

நான் இப்ப வேலை செய்யிற கடைக்கு ஜெயகௌரி வந்தாள். பின்பக்கம் இருந்து கத்தரிக்காய் பிரிச்சுக்கொண்டிருந்தன். "அருளக்கா" எண்டு குரல் கேட்டுது. நான் நிமிரேல்ல.

"அக்கா, நீங்கள் என்னோட கதைக்க வேண்டாம். நான் சொல்லிப்போட்டுப் போறன்" எண்டாள். "நான் காணேல்ல அக்கா. கோப்பை கழுவிக்கொண்டு நிண்டனான். சத்தம்தான் கேட்டது. திரும்பிப் பாக்க டொரத்தி மனிசி கன்னத்தைப் பொத்திக்கொண்டு அழுதது. மனேச்சர் வந்து, அடிச்சவவோ, நீ கண்டனியோ எண்டு நிண்டவர். என்ர விசா அவையின்ர கையில அக்கா. ஓம் எண்டிட்டன்."

அதுக்குப் பிறகு எனக்கு வாயைப் பொத்திக்கொண்டிருக்க ஏலேல்ல. "அப்ப கோர்ட்டில? அங்க ஆண்டவன்ர பேரில சத்தியம் பண்ணினியேடி!"

"எழுதிக் கையெழுத்து வைச்சதை வாசிக்கச் சொன்னவை, ஓம் எண்டன். நீங்கள் ஏதாவது கேப்பீங்கள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். உண்மையா நீ கண்டனியோ எண்டு நீங்கள் ஒருக்காக் கேட்டிருந்தால் நான் இல்லை எண்டு சொல்லியிருப்பன் அக்கா. எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. நீங்கள் என்ர முகத்தைக் கூடப் பாக்கேல்லையே."

ஓங்கி ஒண்டு குடுப்பம் எண்டு வந்தது. குடுக்கேல்ல. பெட்டியில இருந்த கத்தரிக்காயைத்தான் தூக்கி எறிஞ்சன், முதலாளி எட்டிப் பாத்தவர். அவள் அழுதாள். நானும் அழுதன். இப்ப அவளுக்கு விசா சரியாம், எங்க வேணுமெண்டாலும் வந்து சொல்லுறன் எண்டு தலையில அடிச்சுச் சொன்னாள். தேத்தண்ணி வாங்கிக் குடுத்து அனுப்பினன்.

ஆண்டவன் இருக்கிறான். அந்த வரி போகப் போகுது.

ஜூலை 3, செவ்வாய்

இனியா நடக்கத் துவங்கிட்டுதாம். போனில வீடியோ வந்தது.

ஒக்ரோபர் 9, செவ்வாய்

அப்பீல் கோர்ட். ஜெயகௌரி லீவு போட்டு, நல்ல சட்டை உடுத்து, எனக்கு முதலே வந்து வாசலில நிண்டாள்.

லோயர் இல்லாத ஆக்களுக்கு அண்டைக்கு மட்டும் ஒரு லோயரை இலவசமா விடுவினம். எனக்கு வந்தது ரெபேக்கா எண்ட ஒரு பிள்ளை, என்ர மகளின்ர வயசுதான் இருக்கும். என்ர பேப்பர் எல்லாத்தையும் வாசிச்சு மஞ்சள் பூசி வைச்சிருந்தது. நான் ஜெயகௌரியை இழுத்துக்கொண்டுபோய் முன்னால விட்டன். "இவதான் சாட்சி. உண்மையைச் சொல்ல வந்திருக்கிறா."

அந்தப் பிள்ளையின்ர முகம் போன போக்கு! இந்தக் கோர்ட்டில சாட்சி கேக்கமாட்டினமாம். புதுச் சாட்சி எண்டு கொண்டுவாறதெண்டால், முந்தி எவ்வளவு தெண்டிச்சும் கிடைச்சிருக்காது எண்டு காட்டவேணுமாம். "ஆனால் இவர் அங்கேயே நேரில் இருந்தவர். நீங்கள் கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்கவில்லை" எண்டுது. பொய் சொன்னவள் இப்ப மெய் சொல்ல வந்து நிக்கிறாள், கேக்க ஆளில்லை! என்ன சட்டமோ, என்ன கோதாரியோ.

பிறகு ஒரு மூலையில இருத்தி வைச்சு மெதுவாச் சொல்லிச்சுது. முதலாவது காரணம் உள்ளுக்குப் போகாது. கேள்வி கேக்காத சாட்சியை நம்பின நீதிபதியைப் புத்தி இல்லாதவர் எண்டு சொல்ல ஏலாது. அதைப் பிடிச்சுத் தொங்கினால் நீதிபதிக்கு எரிச்சல் வந்து ரெண்டாவதையும் தள்ளிப்போடுவார். ரெண்டாவது நல்ல காரணம், அதை மட்டும் சுத்தமா வைப்பம், முதலாவதைக் கைவிடுவம் எண்டுது.

நான் கேட்டன், அப்பீலில வெண்டால் கீழ்த் தீர்ப்பு விழும்தானே, அப்ப அதுக்குள்ள கிடக்கிற வரியும் சேர்ந்து விழும்தானே எண்டு. "முதல்ல உள்ளே போவம் மிஸிஸ் அருளேஸ்வரி" எண்டு என்ர கையைப் பிடிச்சுது. வீடு இடிஞ்சால் சுவரில கிடக்கிற படம் தொங்கிக்கொண்டு நிக்குமே? ஓம் எண்டு தலையாட்டினன்.

உள்ளுக்கு அது கதைச்ச கதை எனக்குப் பாதி விளங்கேல்ல, ஆனா நீதிபதி பேனையை எடுத்து எழுதத் துவங்கினார். ரெண்டாவது காரணத்துக்கு முழு விசாரணை உண்டு எண்டு சொல்லிப்போட்டார். வெளியில வந்து ஜெயகௌரியைக் கட்டிப்பிடிச்சன். அவள் வெளியில கிடந்த வாங்கிலேயே இருந்திருக்கிறாள், ஒருத்தரும் அவளிட்ட ஒண்டும் கேக்கேல்ல.

ஒக்ரோபர் 10, புதன்

நிரோஜாவுக்குச் சொன்னன், ஜெயகௌரி சொன்னதையும் சேர்த்து. "அப்ப அவ அதை எழுதித் தந்தவவோ?" எண்டு கேட்டா. எழுதினாலும் கோர்ட் எடுக்காதாம் எண்டன். "ஓ" எண்டா.

டிசம்பர் 25, செவ்வாய்

நத்தார். நிரோஜா வீட்டில சாப்பாடு. ஆட்டிறைச்சிக் கறி நான் காச்சிக் கொண்டுபோனது, கொஞ்சம் உறைப்புக் கூடிப்போச்சு. ஆனா சட்டி வெறுமையாத்தான் வந்தது.

இனியா என்ர மடியில ஏறி இருந்து சங்கிலியைப் பிடிச்சு இழுத்து விளையாடிச்சுது. எவ்வளவு பாரம்! நிரோஜாவின்ர சிநேகிதியள் ரெண்டு பேர் வந்திருந்தவை, சின்ன வயசுக் கதையள் வந்தது. "எங்கட அம்மாட்ட நான் அகப்பைக்காம்பால வாங்காத அடியோ!" எண்டு நிரோஜா சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னா. "ஒருக்காப் பள்ளிக்கூடத்துக்குக் கையில தழும்போட போக, ரீச்சர் கேட்டவ. விழுந்தனான் எண்டு சொன்னனான்." எல்லாரும் சிரிச்சினம். நானும் சிரிச்சன். ஆர்தான் அந்தக் காலத்தில அடிக்காமல் வளர்த்தது? ரெண்டு வேலை செய்துகொண்டு, இவர் இரவு வேலைக்குப் போக, நான் என்ன செய்ய?

மருமகன் மயூரன் மட்டும் சிரிக்கேல்ல. எழும்பி வந்து, பிள்ளைக்கு நப்பி மாத்தவேணும் எண்டு மடியில இருந்து தூக்கிக்கொண்டு போயிட்டார். இப்பதான் மாத்தினதெண்டு நான் சொல்ல வெளிக்கிட்டன், பிறகு விட்டிட்டன். தகப்பனுக்குத் தெரியாததே.

2019 மார்ச் 5, செவ்வாய்

முழு விசாரணை நாள். ரெபேக்கா எனக்காகக் காசு வாங்காமலே வந்தது, அதின்ர மனசுக்கு நல்லா இருக்கட்டும். ஹோமின்ர பக்கம் ஒரு வழுக்கைத்தலை லோயர். மனேச்சர் வரவே இல்லை. வரத் தேவையில்லையாம்.

அறைக்குள்ள போன உடனே நான் தேடினது சாட்சி நிக்கிற இடத்தை. இல்லை. நீதிபதிக்கு ஒரு மேசை, லோயர்மாருக்கு மேசை, பின்னால எங்களுக்குக் கதிரை. சத்தியம் பண்ணப் புத்தகம் கூட இல்லை. சமைக்கிற இடமே இல்லாத சாப்பாட்டுக் கடை மாதிரி.

ரெபேக்கா எழும்பிச்சுது. முதல் வாய் திறந்தே சொன்னது இதுதான். "மனுதாரர் திருமதி பியர்ஸை அறைந்தார் என்ற கீழ்மன்றத்தின் முடிவை இந்த மேன்முறையீட்டில் நாங்கள் எதிர்க்கவில்லை. அதை ஏற்றுக்கொண்டே எங்கள் வாதத்தை வைக்கிறோம்."

வழுக்கைத்தலை பெரிசாத் தலையாட்டினவர். அந்த ரெண்டு லோயரும் இண்டைக்கு ஒத்துப்போன ஒரே விசயம் அது ஒண்டுதான்.

நான் எழும்பி நிண்டிருக்கிறன், எப்ப எழும்பினன் எண்டு எனக்கே தெரியாது. "நான் அடிக்கேல்ல" எண்டன், தமிழில. பிறகு இங்கிலிசிலயும் சொன்னன். ரெபேக்கா திரும்பி, இருங்கோ இருங்கோ எண்டு கையைக் காட்டிச்சுது. நீதிபதி கண்ணாடியைக் கழட்டினார். கோபப்படேல்ல, அந்த மனிசனில ஒரு குறையும் சொல்ல மாட்டன். "உங்களுக்காக உங்கள் வழக்கறிஞர் பேசுகிறார். மிக நன்றாகப் பேசுகிறார். தயவுசெய்து உட்காருங்கள்." இருந்திட்டன். இருக்காமல் என்ன செய்யிறது? எனக்காகக் கதைக்கிற பிள்ளைதான் நான் அடிச்சனான் எண்டு சொல்லுது.

மத்தியானம் வரைக்கும் கதைச்சினம். எந்த வழக்கில எந்த நீதிபதி என்ன சொன்னவர் எண்டு ஒராள் பக்கத்தைப் புரட்ட மற்றாள் புரட்ட. டொரத்தியின்ர பேர் பிறகு வரவே இல்லை.

வெளியில வந்து ரெபேக்காவைக் கேட்டன், ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீர் எண்டு. இந்தக் கோர்ட்டில உண்மையளைக் கீழ்க்கோர்ட் சொன்னபடிதான் எடுக்கவேணும், அதை முதல்ல ஒத்துக்கொண்டால்தான் எங்கட கதையைக் காது குடுத்துக் கேப்பினம் எண்டுது. "அன்றைக்கே உங்களிடம் சொன்னேனே" எண்டு கவலையோட பாத்துது. சொன்னதுதான். நான்தான் தலையாட்டினனான். சாப்பிடாமல் வந்திட்டன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

வெண்டிட்டன்!

ரெபேக்கா மத்தியானம் போன் எடுத்துச் சொல்லிச்சுது, அப்பீலை அனுமதிச்சாச்சு. இவர் பெற்றோல் ஸ்ரேசனில நிண்டுகொண்டு போனில கத்தினது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். சாமிக்கு விளக்குக் கொழுத்தினன்.

பின்னேரம் தீர்ப்பு ஈமெயிலில வந்தது. மூண்டாம் பந்தி: "பிணக்கில்லாத உண்மைகள்." அதுக்குக் கீழ, "மனுதாரர் ஒரு வயோதிபப் பெண்ணின் கன்னத்தில் அறைந்தார். இது இரு தரப்பாலும் ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது."

முந்தி ஏழாம் பக்கத்தில ஒரு நீதிபதியின்ர முடிவாக் கிடந்தது. இப்ப முதல் பக்கத்தில, ஒருத்தரும் மறுக்காத உண்மையா நிக்குது. வெண்ட தீர்ப்பில.

ஏப்ரல் 12, வெள்ளி

ரெபேக்காவோட கனநேரம் கதைச்சன். வழக்குத் திரும்பவும் அதே கீழ்க்கோர்ட் நீதிபதியிட்டப் போகுமாம். கடதாசி காட்டாமல் விசாரிச்சது நியாயமோ எண்ட அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுவாராம். புதுச் சாட்சி இல்லை. அநியாயமா நிப்பாட்டினது எண்டு அவர் சொன்னாலும் சொல்லலாமாம். ஆனா அடிச்சது அடிச்சதுதானாம், அதைக் காட்டி எல்லாத்தையும் குறைச்சுப்போடுவினமாம். அந்த வரிக்கு இனி அப்பீல் போகேலாதோ எண்டு கேட்டன். "அதை நாங்களே கைவிட்டுவிட்டோம்" எண்டுது.

கடைக்கு ஜெயகௌரி வந்தாள். ஆரோ சொல்லியிருக்கினம். "வெண்டிட்டீங்களாம் அக்கா! இப்பதான் என்ர நெஞ்சுக்குள்ள இருந்த கல்லு இறங்கிச்சுது. என்னாலதான் உங்களுக்கு இவ்வளவும் எண்டு நான் நித்திரை கொள்ளேல்ல" எண்டு என்ர கையைப் பிடிச்சுக் கண்ணில ஒத்தினாள். வருசப்பிறப்புக்குப் பலகாரம் சுட எண்டு உழுத்தம்மாவும் பனங்கட்டியும் வாங்கிக்கொண்டு சந்தோசமாப் போனாள். அவளின்ர கல்லு இறங்கிட்டுது. நான் மிச்சக் காசை எண்ணிக் குடுத்து அனுப்பினன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருசப்பிறப்பு. பொங்கிப் படைச்சு, எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டன். நிரோஜா கேக் வாங்கிக்கொண்டு வந்தா. அதில வாழ்த்துக்கள் அம்மா எண்டு எழுதியிருந்தது. மயூரனும் "வெற்றிதானே மாமி" எண்டு கை தந்தவர்.

அவையள் அங்கால ரீவிக்கு முன்னால இருக்க, குசினிக்குள்ள கோப்பை துடைச்சுக்கொண்டு நிண்ட நிரோஜாவிட்டக் கேட்டன். "இப்ப வெண்டாச்சுத்தானே. நேர்சரி விடுமுறைக்கு இனியாவை நான் பாக்கட்டே? அந்த ரெண்டு கிழமை மட்டும்."

அவள் கோப்பையைத் துடைச்சபடியே நிண்டாள். பிறகு, "அம்மா, நான் தீர்ப்பை வாசிச்சனான்" எண்டாள். "உங்கட லோயரே சொல்லியிருக்கிறா."

"அது வழக்குக்காகச் சொன்னது பிள்ளை. அப்பிடிச் சொன்னால்தான் அங்க கேப்பினமாம்." நான் சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்க்காரியின்ர கதை மாதிரித்தான் கேட்டுது. "நிரோ, என்னைப் பார். நான் அந்த மனிசியை அடிச்சனான் எண்டு நீயும் நம்புறியோ?"

என்ர பிள்ளை துணியை வைச்சுப்போட்டு வந்து என்னைக் கட்டிப்பிடிச்சுது. கலியாணத்துக்குப் பிறகு இப்பிடிக் கட்டிப்பிடிச்சதே இல்லை. என்ர தோளில முகத்தை வைச்சு, முதுகைத் தடவித் தடவிச் சொல்லிச்சுது.

"அடிச்சிருந்தாலும் பரவாயில்லை அம்மா. நீங்கள் எவ்வளவு கஷ்டப்பட்டனீங்கள் எண்டு எனக்குத் தெரியும். நாங்கள் ஒருத்தரும் உங்களைப் பிழையா நினைக்கேல்ல."

இல்லை எண்டு சொல்ல வாயைத் திறந்தன். அவ்வளவு அன்பாத் தடவிக்கொண்டு நிக்கிற பிள்ளையிட்ட என்னெண்டு சொல்லுறது? ஆரும் என்னோட சண்டைக்கு வந்தால் நான் மறுப்பன். மன்னிச்சுக்கொண்டு வந்தால் என்ன செய்ய?

இனியாவுக்குப் பசிச்சிட்டுது. சோறும் பருப்பும் குழைச்சுத் தீத்தினன். முழுக்கச் சாப்பிட்டுது. நிரோஜா பக்கத்தில ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கடைசி வாய் முடியுமட்டும் என்ர கையைப் பாத்தபடி இருந்தவ.